கண்ணி எண்ணிய கைகள்

அயர்லாந்து நாட்டுக்குச் சுற்றுலா செல்வோர் ஆசையோடு வாங்கி வரும் பொருள்களுள் ஒன்று, பாலாடை நிறத்துத் தடித்த கம்பளிச் சட்டை. முறுக்கிய கயிறுகளும் சாய்சதுரங்களும் தேன்கூட்டுக் கட்டங்களும் அதன் மார்பில் புடைத்து நிற்கும். ஆரன் தீவுகளின் பெயரால் அதனை ‘ஆரன் சட்டை’ என்பர். சட்டையோடு ஒரு கதையும் விலைபோகிறது. அத்தீவுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழிவழியாக வந்த தனிப் பின்னல் உண்டாம். கடலில் மாண்ட மீனவனின் உடல் முகம் தெரியாதவாறு சிதைந்து கரை ஒதுங்கினாலும், சட்டையின் பின்னலைக் கொண்டு அவன் இன்ன குடும்பத்தான் என்று அறிந்து, உற்றாரிடம் ஒப்படைப்பார்களாம்.

உள்ளத்தை உருக்கும் கதை. மறையுரைக்கும் ஏற்ற கதை. ஆனால் அது உண்மையன்று. பின்னற்கலையின் வரலாற்றைத் துருவி ஆராய்ந்தோர், குடும்பத்துக்கொரு பின்னல் என்னும் வழக்கம் அங்கே இருந்ததற்குச் சான்று எதனையும் கண்டாரில்லை.

‘கதை பொய்யானால் என்ன? கேட்க நன்றாயிருக்கிறதே!’ என்று வாசகர் சிலர் எண்ணலாம். அவ்வாறு விட்டுவிடுவதற்கில்லை. இந்தக் கதையின் மறைவில் மெய்யான வரலாறு ஒன்று மறக்கப்பட்டுக் கிடக்கிறது. தம் ஆட்டின் உரோமத்தைத் தம் வீட்டிலேயே நூற்று, நெய்து, பின்னித் தம் மக்களை உடுத்திய குடும்பங்களின் வரலாறு அது. அந்த உழைப்பில் பெரும்பங்கு தாய்மாருடையது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பாறையில் உண்டாக்கிய மண்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே வளைகுடாவின் வாயிலை மறித்தாற்போல் மூன்று சிறு தீவுகள் கிடக்கின்றன. இனிஷ் மோர், இனிஷ் மான், இனிஷ் ஈர் என்பன அவற்றின் பெயர்கள். மூன்றிலும் சேர்த்து இன்று ஆயிரத்துச் சொச்சம் மக்களே வாழ்கின்றனர். ஐரிய மொழி அங்கே இன்றும் வீட்டு மொழியாய் வழங்குகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் புனித எண்டா என்பவர் அங்கு துறவு மடம் நிறுவினார் என்பது திருச்சபையின் மரபுச் செய்தி. அந்நாள் தொட்டுத் துறவியரின் நிலமென அத்தீவுகள் பெயர் பெற்றன.

தீவு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. உழுவதற்கு மண் இல்லை; எரிப்பதற்கு மரம் இல்லை. அடுப்பெரிக்க வேண்டிய கரிநிலக் கட்டிகளைக்கூட எதிர்க்கரையிலிருந்து படகில் கொண்டுவர வேண்டியிருந்தது. மக்கள் என்ன செய்தனர்? பாறை வெடிப்புகளைக் கல்லிட்டு அடைத்தனர். அதன்மேல் கடற்கரை மணலையும் கடற்பாசியையும் கூடைகளில் சுமந்து வந்து அடுக்கடுக்காய்ப் பரப்பினர். அது மக்கி மண்ணானபின் உருளைக்கிழங்கு நட்டனர். பொறுக்கிய கற்களைக் கொண்டு சுவர் எழுப்பி, அந்தச் சிறு மண்ணைக் காற்று அள்ளிச் செல்லாதவாறு காத்தனர். இன்றும் அத்தீவுகளை வானிலிருந்து நோக்கினால், கல்லால் பின்னிய வலையொன்றை விரித்தாற்போல் தோன்றும்.

பாறை இடுக்குகளில் முளைத்த இனிய புல்லை மேய்ந்து சில ஆடுகள் வளர்ந்தன. பெருமந்தைகள் அல்ல, குடும்பத்துக்குச் சிலவே. அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரக்காற்று ஆண்டு முழுவதும் வீசும் அவ்விடத்தில், விறகுக்கும் வழியில்லாத அம்மக்களுக்குக் குளிர் தாங்க உதவியது அந்த ஆடுகளின் உரோமமே.

ஆட்டின் முதுகிலிருந்து ஆளின் முதுகுக்கு

கோடை தொடங்கியதும் ஆடுகளின் உரோமத்தைக் கத்தரிப்பர். அதில் ஒட்டிய முள்ளையும் சருகையும் கையால் பொறுக்கி நீக்கி, அலசி, கற்சுவர்களின்மேல் உலர்த்துவர். உரோமத்தில் இயற்கையாய் ஊறிய ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. அதனை முற்றும் போக்கிவிடாமல் அளவாக அலசுவதே கைப்பக்குவம். அப்பசை தங்கினால்தான் தூறல் உள்ளே இறங்காமல் வழிந்தோடும்.

அடுத்த வேலை சிக்கெடுப்பது. நெருக்கமாய்க் கம்பிப்பற்கள் பதித்த இரு கைப்பலகைகளுக்கிடையே உரோமத்தை வைத்து வாரி வாரி, இழைகளை ஒருமுகமாக்கி, மெல்லிய சுருள்களாய் உருட்டி எடுப்பர். பின்னர் இராட்டை. அயர்லாந்தின் குளிர்கால மாலையில் நான்கு மணிக்கெல்லாம் பொழுது மங்கிவிடும். அந்த நீண்ட இரவுகளில் அடுப்பருகே தாய் நூற்பாள். பிள்ளைகள் சிக்கெடுக்கக் கைகொடுப்பர். மூத்தோர் கதை சொல்வர். செபமாலையும் அங்கேயே நடைபெறும். வீட்டின் வேலையிடமும் பள்ளியும் செபக்கூடமும் அந்த ஓர் அறையே.

நூற்ற நூலைத் தீவிலிருந்த நெசவாளரிடம் கொடுத்துத் துணியாக்குவர். நூற்பது பெண்டிர் வேலை. தறியில் அமர்வது பெரும்பாலும் ஆடவர். சாயமிடாத வெள்ளைத் துணிக்குப் ‘பானீன்’ என்று பெயர். மஞ்சிட்டி இனத்து வேரால் சிவப்பேற்றிய துணி பெண்களின் பாவாடையாகும். பத்துப் பன்னிரண்டு வயது வரை ஆண் சிறுவர்க்கும் பாவாடையே உடை. ‘கிரிஸ்’ என்னும் பலநிறக் கம்பளி அரைக்கச்சையைத் தறியே இல்லாமல் நெய்தனர். இழையின் ஒரு முனையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கையால் ஊடிழை கோத்தனர். காலணியும் வீட்டுப் பொருளே. பதனிடாத மாட்டுத் தோலை மயிர்ப்புறம் வெளியே இருக்குமாறு வெட்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டுவர். ‘பம்பூட்டி’ எனப்பட்ட அக்காலணி காய்ந்தால் விறைத்துவிடும். ஆதலின் அடிக்கடி நீரில் நனைத்தே அணிவர்.

உச்சி முதல் உள்ளங்கால் வரை குடும்பத்தாரின் கை படாத உடை அங்கே அரிது. இது பழமையின் அழகுக்காக அவர்கள் மேற்கொண்ட நோன்பன்று. வாங்கப் பணமில்லை, ஆகவே செய்தனர். வறுமையைப் போற்றி எழுதுவது எளிது. அதில் வாழ்ந்தோர் அவ்வாறு போற்றினாரில்லை. பிள்ளைகள் பலர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். சென்றவருள் திரும்பாதோரே மிகுதி.

பின்னல் வந்த வழி

அவ்வாறாயின் புகழ்பெற்ற அந்தப் பின்னற்சட்டை எப்போது வந்தது? ஆயிரம் ஆண்டுத் தொன்மை உடையதென்று கடைகளில் சொல்வர். உண்மையில் அதற்கு ஏறத்தாழ நூறாண்டு வயதே ஆகிறது. தீவுப் பெண்கள் காலுறை பின்னுவதை முன்பே அறிந்திருந்தனர். 1891-இல் அன்றைய ஆங்கில அரசு மேற்கு அயர்லாந்தின் வறிய பகுதிகளுக்கென வாரியம் ஒன்றை அமைத்து, மீன்பிடித் தொழிலை ஊக்குவித்தது. வெளிக்கரைகளின் மீனவர் தீவுகளுக்கு வந்து தொழில் செய்தனர். பிரித்தானியக் கரையூர்களில் மீனவர்க்கு இறுக்கமான கம்பளிச் சட்டை பின்னும் வழக்கம் அதற்கு முன்னரே இருந்தது. அதனைக் கண்டு கற்ற தீவுப் பெண்கள், தம் கற்பனையால் அதனை வளர்த்தெடுத்தனர் என்பதே ஆய்வாளர் கருத்து.

மீனவர் வேலைக்கு அணிந்தது பெரும்பாலும் கருநீலச் சட்டை. வெண்ணிறச் சட்டையோ சிறப்பு நாளுக்குரியது. மகனின் புதுநன்மைக்கென்று தாய் பின்னியது. ஆலயத்தில் எல்லாருடைய கண்ணும் படும் நாளன்றோ? தான் அறிந்த பின்னல்களையெல்லாம் அந்தச் சிறு மார்பில் காட்ட ஒவ்வொரு தாயும் விரும்பினாள். ஒருத்தி கயிறு பின்னினால், அடுத்தவள் கயிற்றோடு தேன்கூடும் பின்னினாள். போட்டியும் பெருமையும் பாசமும் கலந்து அக்கலை வளர்ந்தது.

அந்த வேலையின் நுட்பத்தைச் சிறிது சொல்ல வேண்டும். கயிறு போன்ற புடைப்பு வேண்டுமானால், சில கண்ணிகளை மூன்றாவது ஊசியொன்றில் ஒதுக்கி நிறுத்தி, அடுத்த கண்ணிகளை முதலில் பின்னி, ஒதுக்கியவற்றைப் பிறகு பின்ன வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுவதால் துணி நெருங்கித் தடிக்கும், இடையே காற்றுத் தங்கும், குளிர் தாங்கும். கயிறு சில வரிசைக்கு ஒருமுறை திரும்பும்; சாய்சதுரமோ முடிவதற்கு அதனினும் பல வரிசைகள் எடுக்கும். இவையனைத்தின் கணக்கையும் அச்சிட்ட குறிப்பு ஏதுமின்றி நினைவிலேயே வைத்து, அடுப்பில் கிழங்கையும் தொட்டிலில் குழந்தையையும் கவனித்துக்கொண்டே பின்னினர். பள்ளிப் படிப்புக் குறைந்தோர் என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடும் பெண்களின் அறிவுத்திறன் இது!

இப்பின்னல்களுள் ஒன்றுக்குத் ‘திரித்துவப் பின்னல்’ என்று பெயர் வழங்குகிறது. ஒரு கண்ணியிலிருந்து மூன்று கண்ணிகளைத் தோற்றுவித்து, அடுத்த மூன்று கண்ணிகளை ஒன்றாய்ச் சேர்த்துப் பின்னுவதால் அப்பெயர். அதே பின்னலைக் காட்டுப்பழப் பின்னல் என்பாரும் உளர். செயலில் கண்ட ஒற்றுமையால் பெயர் அமைந்தது, அவ்வளவே. அதற்குமேல் மறைபொருள் ஏற்றிச் சொல்வதற்குச் சான்றில்லை.

கதை பிறந்த வழி

ஜே. எம். சிங் என்னும் அயர்லாந்து நாடக ஆசிரியர் 1898 முதல் 1902 வரை ஆண்டுதோறும் அத்தீவுகளுக்குச் சென்று தங்கினார். அவர் அங்கே கேட்ட நிகழ்ச்சி ஒன்று: தொலைவிலுள்ள டோனிகால் கரையில் ஒருவனின் உடல் ஒதுங்கியது. ஒரு பம்பூட்டியும், கோடிட்ட சட்டையும், பணப்பையும், புகையிலைப் பெட்டியும் அவனிடம் இருந்தன. அவன் உடுத்தியிருந்தவற்றை ஒவ்வொன்றாய் நினைவு கூர்ந்து, அவன் தன் உடன்பிறப்பே என்று கண்டு கதறினாள் அவனுடைய சகோதரி. பின்னற்சட்டை என்ற பேச்சே அங்கில்லை.

இந்த நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு அவர் எழுதிய ‘ரைடர்ஸ் டு த சீ’ என்னும் ஓரங்க நாடகம் 1904-இல் டப்ளின் நகரில் அரங்கேறியது. நாடகத்தில் அடையாளம் காட்டுவது ஒரு காலுறை. அலங்காரம் ஏதுமற்ற எளிய காலுறை. அதைப் பின்னிய தங்கை கண்ணிகளை எண்ணுகிறாள். தான் இட்ட அறுபது கண்ணிகளும், இடையில் நழுவவிட்ட நான்கும் அவளுக்கு நினைவிருக்கின்றன. இறந்தவன் தன் அண்ணனே என்று அதனால் தெளிகிறாள். இந்தக் காட்சியே பிற்காலத்தில் திரிந்து, காலுறை சட்டையாகி, தங்கையின் நினைவு குடும்பச் சின்னமாகியது.

1934-இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி என்பார் ‘மேன் ஆஃப் ஆரன்’ என்ற திரைப்படத்தை எடுத்தார். அதில் தந்தை, தாய், மகன் என்று காட்டப்பட்டோர் மெய்யாக ஒரே குடும்பத்தினர் அல்லர். தீவினர் வழக்கொழிந்துவிட்ட சுறா வேட்டையையும் படத்துக்கென்று புதிதாய்க் கற்றுச் செய்துகாட்டினர். 1936-இல் ஹைன்ஸ் எட்கர் கீவே என்னும் நூல் வணிகர் டப்ளினில் ஒரு வெண்ணிறச் சட்டையைக் கண்டு வியந்து வாங்கினார். பின்னலில் பழங்கால மறையடையாளங்கள் பொதிந்துள்ளன என்றும், ஏறத்தாழ 800-ஆம் ஆண்டைச் சேர்ந்த கெல்ஸ் நற்செய்தி ஏட்டின் ஓவியத்திலேயே அது காணப்படுகிறது என்றும் கருதினார். 1967-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். வணிகர் அதனை விரும்பி ஏற்றனர்.

இக்கூற்றை மறுத்தவர்களுள் ஒருவர் ஓர் ஆயர் என்பது வாசகர்க்கு வியப்பளிக்கலாம். ரிச்சர்டு ரட் என்பார் கொரியாவில் மறைபரப்பாளராய் உழைத்த ஆங்கிலிக்கன் ஆயர். பின்னர் இங்கிலாந்தில் லெஸ்டர் மறைமாவட்டத்தின் ஆயரானார். தாமே பின்னற்கலையில் தேர்ந்தவர். 1987-இல் அவர் வெளியிட்ட கைப்பின்னல் வரலாறு இன்றும் அத்துறையின் அடிப்படை நூலாகப் போற்றப்படுகிறது. 1994-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்து, மறு ஆண்டு குருவாக அருள்பொழிவு பெற்று, 2011-இல் இறைவனடி சேர்ந்தார். அழகான கதையாயினும் சான்றில்லையேல் ஏற்கலாகாது என்று எழுத அந்த இறைமனிதர் தயங்கவில்லை. இறைப்பற்றுக்கு இட்டுக்கட்டிய துணை தேவையில்லை என்பது நமக்கும் நல்ல பாடம்.

கூலி யாருக்கு?

கதைக்கு விலை ஏறியது. பின்னிய கைக்கு ஏறியதா? அதே மேற்குக் கரையிலுள்ள டோனிகால் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் வணிகரிடம் நூல் வாங்கிக் காலுறை பின்னினர். கூலியைப் பணமாய்த் தராமல், தம் கடைத் தேயிலையாகவும் சர்க்கரையாகவும் தந்தனர் வணிகர். பொருளின் விலையையும் அவர்களே வைத்தனர். இரவு பகலாய்ப் பின்னியவள் கடனாளியாகவே இருந்தாள். சட்டம் தடுத்தும் அவ்வழக்கம் எளிதில் ஒழியவில்லை.

ஆரன் தீவினர்க்கு உதவ முன்வந்தவருள் மூரியல் கஹான் அம்மையாரைக் குறிப்பிட வேண்டும். 1930-இல் டப்ளினில் கிராமக் கைவினைப் பொருள்களுக்கென்று கடை திறந்தார் அவர். தீவுப் பெண்களின் வேலையை நியாய விலைக்கு வாங்கி விற்றார். கீவே கண்ட வெண்ணிறச் சட்டையும் அக்கடையினதே. 1950-களில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி தொடங்கியது. பின்னர் கிளான்சி சகோதரர் என்னும் பாடகர் குழுவினர் நியூயார்க் நகரில் பாடிக்கொண்டிருந்தபோது, அந்நகரின் குளிருக்கு அஞ்சிய அவர்தம் தாய் ஆரன் சட்டைகளை அனுப்பிவைத்தார். 1961-இல் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவற்றை அணிந்து அவர்கள் பாட, அமெரிக்கா முழுதும் அச்சட்டைக்கு ஆசைப்பட்டது. தீவுகளில் மட்டுமன்றி அயர்லாந்தின் பல ஊர்களிலும் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பின்னினர். வாரக்கணக்கில் பின்னும் ஒரு சட்டைக்குக் கிடைத்த கூலி, செலவிட்ட நேரத்தை எண்ணிப் பார்த்தால் மிகச் சிறிதே. ஆயினும் மளிகைக் கடனை அடைத்ததும், பிள்ளைகளுக்குப் பள்ளிச் செருப்பு வாங்கித் தந்ததும் அச்சிறு பணம்தான். கணவனின் படகு வெறுமையாய்த் திரும்பிய வாரத்திலும் மனைவியின் ஊசி அடுப்பை எரியச் செய்தது.

இன்று கடைகளில் குவிந்திருக்கும் ஆரன் சட்டைகளில் பெரும்பாலானவை எந்திரத்தில் பின்னியவை; உரோமமும் பெரும்பாலும் வெளிநாட்டு மெரினோ ஆட்டினது. எந்திரத்தைக் குறை கூறுவதற்கில்லை. இனிஷ் மான் தீவில் 1976-இல் தொடங்கிய பின்னலாடை நிறுவனம் எந்திரங்களைக் கொண்டே தீவினர்க்கு உள்ளூரில் வேலை தந்து வருகிறது. ஆனால் அயர்லாந்து உழவரின் ஆட்டு உரோமம் இப்போது கத்தரிக்கும் கூலிக்கே கட்டாத விலைக்குப் போகிறது. ஒரு காலத்தில் குடும்பத்தையே உடுத்திய உரோமம் இன்று உழவனுக்குச் சுமையாகிவிட்டது. கையால் பின்னத் தெரிந்தோர் முதியவராகி வருகின்றனர். அவர்களிடம் விலைச்சீட்டைப் பார்த்துப் பேரம் பேசுவோர், ‘குடும்பச் சின்னம்’ என்று அட்டை தொங்கும் சட்டைக்குக் கேட்ட பணம் தருகின்றனர்.

இதுவே அந்தக் கதையால் நேர்ந்த தீங்கு. சின்னம் குடும்பத்துக்குரியது என்றதும் பின்னியவள் மறைந்துபோகிறாள். யார் பின்னினாலும் ஒன்றே என்றாகிவிடுகிறது. சிங் எழுதிய நாடகமோ இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. அந்தக் காலுறையைக் கண்டதும் உண்மையை உணர்ந்தவள் அதைப் பின்னியவளே. அறுபது கண்ணி இட்டவளும் நான்கு நழுவவிட்டவளும் அவளே. அன்போடு செய்த வேலையைச் செய்தவள் எங்கும் அறிவாள்.

நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம் நற்குண மனைவியைப் புகழ்கையில், அவள் கம்பளியையும் சணலையும் தேடிக் கொணர்ந்து ஆர்வத்தோடு தன் கையால் வேலை செய்வதைச் சொல்கிறது. திருமணப் பலியில் நாம் அடிக்கடி கேட்கும் பகுதி அது. ஆனால் அது முடியும் இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. அவளைப் புகழ்ந்ததோடு அந்நூல் நிற்கவில்லை. அவளுடைய கையின் பயனை அவளுக்கே கொடுக்கவேண்டும் என்று பணிக்கிறது. புகழ் வேறு, பயன் வேறு. புகழ்வதற்குச் செலவில்லை, பயனைக் கொடுப்பதுதான் நீதி.

வாசக அன்பர்களே, நம் வீட்டிலும் தையல், பின்னல், பாய், கூடை என்று ஏதேனும் ஒன்று ஒரு கையால் ஆகியிருக்கும். அது யார் கை என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? பாட்டி பின்னியதைப் பெட்டியில் பூட்டி வைப்பதைவிட, பாட்டி இருக்கும்போதே அருகமர்ந்து அந்த வேலையைக் கற்பது மேல். மகளோடு மகனும் கற்கட்டும். கைவேலை செய்து பிழைப்போர் வாசலுக்கு வரும்போது, அந்தப் பொருளுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் கேட்போம். விலையை அதன்பின் பேசுவோம்.